கரித்தாளில் விழுந்த துடிப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், ராத்திரி என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்கிற ஆள் நான். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பி.பார்ம் படிக்கும்போது மருந்தியல் தாளில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறைக்காக, மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல், ராயபுரத்தில் எங்கள் காலேஜ் லேபில் தனியாக உட்கார்ந்து டிகாக்ஸின் என்கிற இதய மாத்திரையை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அளவு கூடினால் துடிப்பு குறையும், வாந்தி வரும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். புத்தகத்தை மூடினால் எல்லாம் போய்விடுகிறது. ஆத்திரத்தில் அதைத் தூக்கி மேஜையில் அடித்தேன்.

மூலையில் கிரீச், கிரீச்சென்று சத்தம். அங்கே ஒரு பழைய உருளை கிடந்தது. முன்பெல்லாம் தவளை இதயத்தை அதோடு இணைத்தால், உருளையில் சுற்றிய, புகைக்கரி படிய வைத்த கரித்தாளில் ஊசி துடிப்பைக் கீறிக்காட்டுமாம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். உருளையின் மோட்டாரைக் கழற்றியதே தான்தான் என்று லேப் அண்ணன் சொல்லியிருக்கிறார். அது சுற்றியது. சத்தியமாகச் சுற்றியது, ஊசி ஏறி இறங்கி அதில் மிச்சமிருந்த கரித்தாளில் வெள்ளைக் கோடு போட்டது, முதலில் நெருக்கமாக, அப்புறம் விட்டு விட்டு.

அந்த நேரம் பார்த்து முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து அம்மா போன். எரிச்சலோடுதான் எடுத்தேன்.

"நைனா காலைலேர்ந்து வாந்தி எட்துகினே கீது. சோறு, செவுரு எல்லாம் மஞ்சளா தெரியுதுன்னுது. காமாலையா இன்னான்னு தெர்லமே."

நைனா இதயக் கோளாறால் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். மாத்திரை அட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு கம்பெனி, இரண்டு பெயர், உள்ளே ஒரே டிகாக்ஸின். வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் நாலு நாளாக விழுங்கியிருக்கிறார்.

"இனிமே ஒண்ணுகூட குடுக்காதம்மா. இப்பவே ஆட்டோ புட்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வா" என்றேன். திரும்பிப் பார்த்தால் உருளை நின்றிருந்தது.

நைனா பிழைத்துக்கொண்டார். பரீட்சையில் அதே கேள்விதான் வந்தது, நைனா ஞாபகத்தில் பாதிதான் எழுதினேன், மறுபடி ஃபெயில். அந்த எரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

உருளை விஷயத்தைப் பற்றி வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது நைனா தானாகவே சொன்னார்: "அன்னிக்கு என் காதாண்ட யாரோ தகரத்த கீறிகினே இருந்தாங்க. அது நின்னா நானும் நின்னுடுவேன்னு எண்ணிகினே படுத்துகினு இருந்தேன். உங்கம்மா போன வச்சதும் அது நின்னுச்சு, நான் நிக்கல."

இப்பவும் கேட்குதா என்று கேட்டேன். மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, "தெனம் மத்தியானம்" என்றார்.