நோட்பேடில் ஓடிய ஆறு

ஃப்ளாப்பி இன்னும் புழக்கத்தில் இருந்த காலம். திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நாங்கள் மொபைல் கேம் செய்துகொண்டிருந்தோம். காடும் ஆறும் வழியுமாக ஒவ்வொரு லெவலையும் அமைக்கிற டிசைனர்கள் இரண்டே பேர், நானும் ஷைனியும். இருவருக்கும் மார்த்தாண்டம் பக்கம்தான் ஊர். அவள் கல்யாணமாகி மலையடிவாரத்தில், வித்துராவில் இருந்தாள். கேம் பாதி முடிந்த நேரத்தில், கர்ப்பமாக இருந்த அவளிடம் பிரசவம் வரை கட்டிலை விட்டு அதிகம் எழும்பக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டீம் லீட் வேணு சார் மலையாளி. எங்களிடம் தமிழ் கலந்துதான் பேசுவார். "பாவம் தன்னே. பக்ஷே கிளையன்ட் காத்திருக்க மாட்டான். வேற ஆளை எடுக்கணும்" என்றார்.

வேறு ஆள் வந்தால் ஷைனிக்குத் திரும்பி வர இடம் இருக்காது.

"அவ வீட்ல இருந்தே செய்யட்டும் சார்" என்றேன்.

"அவ வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல நம்ம எடிட்டர் ஓடாதல்லோ."

"நோட்பேட் ஓடும் சார்."

லெவல் வரைகிற எங்கள் எடிட்டர் ஒவ்வொன்றையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகத்தான் சேவ் செய்யும். மரத்துக்கு T, தண்ணீருக்கு W, நடக்கிற தரைக்குப் புள்ளி. எடிட்டர் இல்லாமலே எழுத்தை மாற்றி சேவ் செய்தால் காடு மாறும்.

"ஒரு லெவல் வரட்டும். நோக்கலாம்" என்றார்.

ஷைனியின் கணவருக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை. ஷைனி எழுதிய லெவலை அவர் ஒரு ஃப்ளாப்பியில் போட்டுச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். ஆபீஸுக்குப் போகிற வழியில் நான் அங்கே பஸ் மாறும்போது வாங்கிக்கொண்டேன். ஆபீஸில் வேணு சார் முன்னால் லோட் செய்தேன். ஆறு நடுவில் முறிந்திருந்தது. வழி ஒரு மரத்தில் போய் முட்டி நின்றது. சார் கையைக் கட்டிக்கொண்டார்.

ஷைனிக்குப் போன் போட்டேன். "ஆறு முறிஞ்சு கெடக்கு பிள்ளே."

"எங்க இருந்து?"

"பாலத்துக்குக் கீழ."

"அந்த வரிய வாசி. நான் கேக்கேன்."

"டி, டி, புள்ளி, டபிள்யூ, டபிள்யூ, புள்ளி..."

போனுக்குள் அவள் வீட்டு ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் எழுத்துகளை வாசிக்க வாசிக்க, அந்த மழைதான் ஆற்றில் விழுகிறது என்று எனக்குத் தோன்றியது.

"நில்லு. அங்க மூணு டபிள்யூ வேணும். ஒண்ணு விட்டுப்போச்சி."

எங்கள் கேம் வரி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் எழுத்துகளை எண்ணிக்கொண்டே போகும். ஒரு வரியில் ஓரெழுத்து குறைந்தால், அதற்குக் கீழே உள்ள உலகமே ஒரு கட்டம் தள்ளிப்போகும். ஒரு W சேர்த்து சேவ் செய்து மறுபடி லோட் செய்தேன். ஆறு நேரானது. வேணு சார் நாற்காலியை இழுத்துப் போட்டு, லெவலின் கடைசி வரை விளையாடினார்.

"அங்க இருந்தே செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பிறகு ஃப்ளாப்பிகள் வந்துகொண்டே இருந்தன. ஃபைலின் மேலே அரைப்புள்ளி போட்டு எழுதும் வரியை கேம் படிக்காது. அதில் எனக்கென்று ஷைனி ஏதாவது எழுதுவாள். 'இன்றைக்கு மலை தெரியவில்லை, எல்லாம் பனி மூடல்' என்று ஒரு முறை. அந்த லெவலில் மரங்கள் நடுநடுவே காணாமல் போயிருந்தன. பஸ்ஸில் கண்ணை மூடினால் எனக்குள் T-யும் புள்ளியுமாகக் காடு நகரும். எங்கே புள்ளி முடிகிறதோ அங்கே நான் தூங்கிவிடுவேன்.

கடைசியாக வந்த லெவலில் எதிரிகளே இல்லை. சுற்றிலும் மரம், நடுவில் வெட்டவெளி.

"எக்ஸிட் எவிடே?" என்றார் வேணு சார்.

ஃபைலின் மேலே ஒரு வரி இருந்தது: 'எக்ஸிட் நீயே வை. எனக்கு இடம் தோணல.'

போன் செய்தேன். கணவர் எடுத்தார். "ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் வந்தேன். பெண்பிள்ளை. ரெண்டு பேரும் சுகமா இருக்காவ."

நான் கிழக்கு ஓரத்தில் ஒரு T-ஐ எடுத்துவிட்டு, வெளியே போகிற வழிக்கு E வைத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்னொருவர் திறந்து படிக்கவும், போனில் வாசித்துக் காட்டவும் முடிகிற வடிவில் வேலையை சேவ் செய்யுங்கள். நீங்கள் வர முடியாத நாளில் அதை வேறொரு கை தொடர முடியும்.

லீவு முடிந்து ஷைனி தன் நாற்காலிக்கே திரும்பி வந்தாள். முதல் வேலையாக அந்த லெவலை விளையாடினாள். ஓரத்தில் வழி திறந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா இருந்தா இங்க வச்சிருக்க மாட்டேன்" என்றாள். "இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."