ஹசாரா மாப்பிள்ளைக்குப் பெண் கேட்கப் போன கதை

சிட்னியின் நார்த்மீட்டில் ஒரு தமிழ் அன்ரி வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒட்டுவது என் நண்பன், பசை குழைப்பது நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டுவிட்டது. குழைப்பதற்கு அந்தப் படிப்பு தாராளம்.

தேத்தண்ணியோடு வந்த அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உந்தச் சைனாக்காரப் பொடியன் நல்லாத்தான் வேலை செய்யிறான், என்ன?"

"அவன் சைனா இல்லை அன்ரி. ஆப்கானிஸ்தான். ஹசாரா ஆக்கள்."

"ஆப்கான்காரர் உப்பிடியே இருப்பினம்? நீள மூக்கெல்லோ!" என்றவர் அதே மூச்சில், "அதுசரி, நீர் ஊரில எவடம்?" என்றார்.

எவடம் என்பதில் தொடங்கினால் அடுத்தது எந்தக் கோயிலடி, அதற்கடுத்தது அப்பா என்ன தொழில், முடிவது சாதியில். "செவன் ஹில்ஸ் அன்ரி" என்று இப்போது குடியிருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு வாளியோடு உள்ளே ஓடினேன்.

அவனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவானது உடைந்த இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதுவதால் இரண்டு பேரும் கொஞ்சம் புத்திசாலிகளாகத் தெரிவோம். 'அண்ணை' மட்டும் அவன் உண்மையிலேயே தமிழில் சொல்வது.

அவன் சிரிக்கவில்லை. "அண்ணை, எனக்கும் இப்ப அந்தக் கேள்விதான் பிரச்சினை."

அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனை. ஆனால் அவள் வீட்டார் சையதுகள், நபிகள் நாயகத்தின் வழி வந்தவர்கள்.

"முகம் என்ரை முகம்தான். பாஷையும் என்ரைதான். ஆனா தங்களுக்கு அரபு ரத்தம் எண்டுவினம். எங்கடை பொம்பிளையள எடுப்பினம், தங்கடைய எங்களுக்குக் குடுக்காயினம்."

"உது அப்பிடியே எங்கடை கதையெல்லோ! அப்ப நீங்கள் ஆரடா?"

விரலில் காய்ந்த பசையை உரித்தபடி யோசித்தான். "மங்கோலிய ராசாவின்ரை படை விட்டிட்டுப் போன ஆக்கள் எண்டு சிலபேர். துருக்கியர் எண்டு வேற சிலபேர். அதுக்கெல்லாம் முந்தியே நாங்கள் அந்த மலையில இருந்தனாங்கள், மலையில செதுக்கியிருந்த புத்தருக்கும் எங்கடை முகம்தான் எண்டு அப்பா சொல்லுவார். சின்னனில என்னை மங்கோல் எண்டு ஏசினா அடிபடுவன். இப்பத்தைப் பொடியள் அதையே ரீசேட்டில அடிச்சுப் போடுறாங்கள்."

"நீ எதை நம்புறாய்?"

"கேக்கிற ஆளைப் பொறுத்து."

அப்பா உயிரோடு இல்லை. அம்மா பாகிஸ்தானில், குவெட்டாவில். மெரிலாண்ட்ஸில் இருக்கும் ஒரே சித்தப்பா, சையது வீட்டு வாசலில் போய் அவமானப்படமாட்டேன் என்று மறுத்துவிட்டார். பெரியவர் யாரும் இல்லாமல் பெண் கேட்க முடியாது.

"அண்ணை, நீ வா."

என்னைப் பெரியவன் என்று சொன்ன முதல் மனிதன் அவன்தான். என் கல்யாணக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கோட்டு பழைய அளவிலேயே நின்றுவிட்டது, நான்தான் வளர்ந்திருந்தேன். அவனுடைய டைல்ஸ் வானில் போகும்போது பாடம் நடத்தினான்: காலை நீட்டாதே, பகிடி விடாதே. பெண் வீட்டார் இனிப்புக் கொடுத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

பெண் வீட்டில் சுவரோரம் மெத்தைகளில் உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பாவைப் பார்த்ததும் திகைத்தேன். அதே கண், அதே கன்னம். என் நண்பனின் அப்பா என்றாலும் நம்பியிருப்பேன். தேத்தண்ணி வந்தது. கூடவே ஒரு தட்டு நிறையச் சீனி பூசிய பாதாம். பெரியவர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் எழுந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "கொங்கிராஜுலேசன் ஐயா! பொடியன் தங்கம்!"

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நண்பன் கம்பளத்துக்கு அடியில் போக இடம் தேடினான்.

"இரு," என்றார் பெரியவர். அவர் இங்கே வந்து கனகாலம், இங்கிலீஷ் எங்களை விடப் பரவாயில்லை. "இது தேத்தண்ணியோட கடிக்கிறது. நீ இவனுக்கு என்ன முறை?"

"பசை குழைக்கிறனான், ஐயா."

"இவன்ரை ஏழு தலைமுறை உனக்குத் தெரியுமோ?"

"என்ரை மூண்டே எனக்குத் தெரியாது ஐயா." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது. "எங்கடை ஊர்ச் செக்பொயின்ரில ஆமிக்காரன் ஒருநாளும் என்ரை சாதியைக் கேட்டதில்லை. தமிழனோ எண்டு மட்டும்தான் பாத்தவன்."

பெரியவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஹசாரா ஆக்களைத் தேடி எங்கடை பஸ்ஸையும் மறிச்சவங்கள்," என்றார். "என்ரை தம்பி, தான் சையது எண்டு சொல்லிப் பாத்தவன். முகத்தைப் பாத்திட்டு இறக்கிச் சுட்டுப்போட்டாங்கள்."

ஒருவரும் தேத்தண்ணியைத் தொடவில்லை. நானும் அன்றைக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றேன்.

"அதுக்காக அப்பன் பாட்டன் காத்து வந்ததை நான் கைவிடேலுமோ?" என்று அவரே கேட்டார்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது நண்பனிடம் சொன்னார்: "இந்தப் பகிடிக்காரனோட இனி வராதை. உன்ரை சித்தப்பா இருக்கிறாரெல்லோ? அடுத்த முறை அவரைக் கூட்டிக்கொண்டு வா."

வானில் ஏறியதும், "கெடுத்துப்போட்டனடா," என்றேன்.

அவன் வானைக் கிளப்பினான். "இல்லை அண்ணை. எங்கடை ஆக்கள் முதல் நாள் ஓம் எண்டு சொல்லவே மாட்டினம். கன தரம் நடக்க வைப்பினம். ஆனா குடுக்கமாட்டன் எண்டிருந்தா, அடுத்த முறை எண்டு ஏன் சொல்லவேணும்?"

நேரே மெரிலாண்ட்ஸுக்கு விட்டான். வழியெல்லாம் எனக்கு அன்ரியின் ஞாபகம்தான். அவரும் எங்கேயோ ஒரு செக்பொயின்ரில் இறங்கி நின்றிருப்பார். வந்த இடத்திலும் என்னிடம் எவடம் என்று கேட்கிறார். நானே என் மகளுக்கு வரன் வந்தால் கேட்கமாட்டேனா? கேட்கமாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

சித்தப்பா டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பன் நடந்ததைச் சொல்லச் சொல்ல, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஏதோ கேட்டார். நண்பன் எனக்குப் பெயர்த்துச் சொன்னான்.

"அந்தச் சையது தன்ரை வாயாலேயே என்னைக் கூப்பிட்டவரோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு. நான் சாட்சி."

சித்தப்பா டிவியை நிறுத்திவிட்டு இன்னொன்று கேட்டார். நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு பெயர்த்தான்.

"எந்தக் கிழமை போறது எண்டு கேக்கிறார், அண்ணை."