மஞ்சள் புகைக்குள் அம்மா

மழைக்காலத்தில் பொதுக்கிணற்றில் மருந்து போட்ட மறுநாள், குடத்தைத் தூக்கும்போது மூக்கை லேசாகச் சுரண்டுமே ஒரு வாசம், அந்த வாசம்தான் என் அம்மாவின் கூந்தலில் வருடம் முழுவதும் இருந்தது. வெள்ளிக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும் சனிக்கிழமை மாலையில் திரும்ப வந்துவிடும். ஒரே வரிசையாக இருந்த எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் அதை "பிளீச்சிங் வாசம்" என்பார்கள்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து நாங்கள் திருப்பூருக்கு வந்தது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பனியன் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லாரியில் அப்பா ஓட்டுநர். அம்மாவுக்கு ஒரு "சலவைப் பட்டறை"யில் வேலை. பின்னல் இயந்திரத்திலிருந்து வரும் துணி பழுப்பேறித்தான் இருக்கும். அதைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த சிமெண்டுத் தொட்டியில் ஊறவைத்து வெளுத்து, நன்றாக அலசி, பிறகு இன்னொரு தொட்டியில் "ஆசிட்" கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். ஒரு தொட்டியின் தண்ணீர் இன்னொன்றில் விழக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

அந்த வருடம் நான் பத்தாம் வகுப்பு. எங்களுக்கு வேதியியல் எடுத்த ஸ்டெல்லா டீச்சர் தாராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். ஒருநாள் கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் எலக்ட்ரான்களாக ஏழு புள்ளிகள் வைத்தார். இரண்டும் குளோரின் அணுக்கள், எட்டு இருந்தால்தான் அவற்றுக்கு அடங்கும் என்றார். "ரெண்டு பேத்துக்குமே ஒண்ணு கொறையுது கண்ணு. பிடுங்கிக்கவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. அதனால ஆளுக்கு ஒண்ணை நடுவுல வெச்சு, ரெண்டு பேரும் அதைத் தன்னோடதாவே எண்ணிக்கறாங்க. இதுதான் சகப்பிணைப்பு." சேரும்போது சக்தி வெளியே வரும், பிரிக்க வேண்டுமென்றால் நாம் சக்தி கொடுக்க வேண்டும் என்றும், துணி வெளுப்பதே நிறம் தரும் மூலக்கூறுகளின் பிணைப்புகள் உடைவதால்தான் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "எட்டு இருந்தாத்தேன் அதுக்கு அடங்குமாக்கும்? இங்க மூணு பேரு காலை நீட்டிப் படுக்க எடத்தைக் காணோம்!"

அதற்குச் சில வாரங்கள் கழித்து, அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயத்தில், நான் பள்ளியிலிருந்து வரும்போதே அம்மா வீட்டில் இருந்தாள். கண்கள் செக்கச்செவேலென்று இருந்தன. வாசற்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். பட்டறையில் பிளீச்சிங் தண்ணீரை வடிக்காத தொட்டியிலேயே யாரோ புது ஆள் ஆசிட் கேனைக் கவிழ்த்துவிட்டானாம். மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பி, தரையோடு தரையாகப் படர்ந்ததாம். எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்களாம், அம்மாவும்தான். முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணுமில்லடி, தொண்டைதேன் எரியுது" என்று எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

என் மூளைக்குள் அந்த இரண்டு வட்டங்கள் வந்து நின்றன. பிளீச்சிங் பவுடரில் ஆக்சிஜனோடு பிணைந்திருக்கும் குளோரின், அமிலத்தைக் கண்டதும் அந்தப் பிணைப்பை அறுத்துக்கொண்டு, அமிலத்தில் இருக்கும் இன்னொரு குளோரினோடு சேர்ந்துகொள்ளும். அப்படி ஜோடி சேர்ந்தவைதான் அந்தப் புகை. அது காற்றைவிடக் கனமானது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் பெயர் மட்டும்தான்.

குழம்பு கொதிப்பதற்குள் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சுவரில் கையை ஊன்றி நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். படுக்கச் சொன்னதற்கு, படுத்தால் மூச்சு விட முடியவில்லை என்று சைகை காட்டினாள். வாயோரத்தில் நுரை வந்தது, இளஞ்சிவப்பு நிறத்தில். நான் போட்ட கூச்சலில் வீட்டுச் சொந்தக்காரர் சரசக்கா ஓடிவந்தார். பார்த்தவுடனே தெருவில் இறங்கி, போய்க்கொண்டிருந்த ஓர் ஆட்டோவின் முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார். உள்ளே இருந்தவரிடம், "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் எறங்கிக்கோங்க, ஒரு உசுரு போகுதுங்க" என்று கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா அப்போது லாரியோடு தூத்துக்குடிச் சாலையில் எங்கேயோ இருந்தார். அவரிடம் செல்போன் கிடையாது.

அரசு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னாலேயே பட்டறை மேனேஜர் வந்திருந்தார். அம்மாவோடு வேலை பார்த்த எஸ்தர் அக்காவை மத்தியானமே அங்கே சேர்த்திருந்தார்களாம். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண் அவர். டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "வெயில்ல மயக்கமுங்க, ரெண்டு பேரும் காலைல சாப்பிடாம வந்திருக்காங்க" என்றார் மேனேஜர்.

"இல்ல டாக்டர், குளோரின்!" என்று கத்தினேன். "ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்து வந்த குளோரின்!"

டாக்டர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொல்லிவிட்டேன், இனி அதற்கான மருந்தைக் கொடுத்துவிடுவார்கள், அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று அந்த ஒரு நிமிடம் முழுமையாக நம்பினேன். டாக்டர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "நல்லவேளை, நீ சொன்னேம்மா. ஆனா இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது. ஆக்சிஜன் கொடுக்கலாம். மத்ததெல்லாம் நுரையீரல்தான் தாங்கணும்."

மறுநாள் காலையில் சரசக்காவை அம்மாவின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஸ்டெல்லா டீச்சர் வகுப்பில் இருந்தார். சீருடைகூட இல்லாமல் வாசலில் நின்ற என்னைப் பார்த்து வெளியே வந்தார். குளோரினைப் பிரிக்கச் சக்தி கொடுக்க வேண்டும் என்றீர்களே, எந்தச் சக்தி கொடுத்தால் அம்மாவின் நெஞ்சிலிருந்து அதை வெளியே எடுக்கலாம் என்று கேட்டேன். வெயில் பட்டால் பிரியும் என்று புத்தகத்தில் இருந்ததே, அம்மாவை வெயிலில் கொண்டுபோய் வைக்கலாமா என்றும் கேட்டேன்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது இப்ப குளோரினாவே இல்லையே கண்ணு" என்றார். நெஞ்சுக்குள் இருக்கும் ஈரத்தில் பட்ட உடனேயே அந்த ஜோடி பிரிந்துவிட்டது, ஒன்று அமிலமாகவும் இன்னொன்று அதைவிடக் கொடியதாகவும் மாறி, துணியை வெளுப்பதுபோலவே சதையையும் உடைத்துவிட்டது, இப்போது வெளியே எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, புண்தான் இருக்கிறது என்று மெல்ல மெல்லச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அங்கே இன்னொன்று தெரிந்தது. எஸ்தர் அக்கா அடுத்த கட்டிலில்தான் இருந்தார். அம்மா முதல் ஆட்களோடு வெளியே வந்து நல்ல காற்றில் நின்றவள்தான். எஸ்தரைக் காணோம் என்றதும் திரும்ப உள்ளே போயிருக்கிறாள். அவரை இழுத்துக்கொண்டு வருவதற்குள் இரண்டு பேருக்கான புகையையும் அவள் ஒருத்தியே மூச்சில் இழுத்ததுபோல ஆகிவிட்டது.

ஆக்சிஜன் முகமூடியை அம்மா கொஞ்சம் விலக்கியபோது கேட்டேன். "நீ ஏம்மா திரும்பப் போன?"

அம்மா என்னை வினோதமாகப் பார்த்தாள். இது ஒரு கேள்வியா என்பதுபோல. ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்: "அவ... இருமுனது... கேட்டுச்சுடி."

அன்று மாலை அப்பா வந்து சேர்ந்தார். பட்டறை வாசலில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு லாரியை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தார். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்; நர்ஸிடம், பெருக்குகிறவரிடம், என்னிடம்கூட. ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதே அம்மாவின் மூச்சு நின்றுவிட்டது. எவ்வளவோ நேரம் அப்பா அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் இழு புள்ள, இன்னங் கொஞ்சம் இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் வேதியியல்தான் படித்தேன். ஒரு சாய ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இப்போது துணியை வெளுப்பது மூடிய இயந்திரங்களில், பெராக்சைடு ஊற்றி. அதிலும் ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவில் இருக்கும் பலவீனமான ஒரு பிணைப்பு உடைவதை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது. சிமெண்டுத் தொட்டிகள் போய்விட்டன. எங்கள் லைன் வீடுகள் போய்விட்டன. அந்தச் சலவைப் பட்டறையை இடித்துத் தரைமட்டமாக்கி, ஏதோ ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள்.

போன வருடம் எஸ்தர் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தார். மாடி ஏறினால் இன்றும் அவருக்கு மூச்சு வாங்கும். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார், அழைத்துப்போனேன். கேட்டில் நின்ற வடநாட்டுப் பையனுக்கு நாங்கள் கேட்டது முதலில் புரியவில்லை. பட்டறையா, இங்கேயா என்று சிரித்தான். உள்ளே போய் நின்றோம். "வாசல் இங்கனதாம்ல இருந்துச்சு" என்றார் எஸ்தர் அக்கா. இல்லை, அந்தப் பக்கம் என்றேன் நான். அவர் கொஞ்சதூரம் நடந்து, நின்று, திரும்பி, மறுபடி நடந்தார்.

"புகையில மூஞ்சி தெரியலம்மா. கை மட்டுந்தான் தெரிஞ்சுது. யாரு கைன்னு தெரியாமலே பிடிச்சேன்" என்றார்.

கையைப் பிடித்தது எந்த இடம் என்று எங்கள் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் விலகி நின்றோம். அது வந்து அங்கேயே நின்றது.