மூன்றாவது தையல்

அந்தத் துணிச் சின்னங்களுக்கு மண்ணெண்ணெய் வாசனை இருந்தது. கஞ்சி காய்ந்த பாவு நூலின் புளிப்பு வாசனை நிறைந்த எங்கள் காஞ்சிபுரத்து நெசவு வீட்டில், அந்த வாசனை வேறோர் உலகத்திலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றும். "அந்த கெரசின் நாத்தத்த பாவாண்ட கொண்டாராதடா, பட்டு குடிச்சுக்கும்" என்று அம்மா விரட்டுவாள்.

விமானப்படையின் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு சின்னம் உண்டு: உள்ளங்கையளவு வட்டத்தில் நூலால் பூவேலை செய்த கழுகோ சிறுத்தையோ இடிமின்னலோ, கீழே வடமொழியில் ஒரு வாசகமும் இருக்கும்; விமானிகள் அதைத் தம் சட்டையில் தைத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் தறியேறாத ஒரே ஆண்மகனான தணிகாசலம் மாமா விமானப்படையில் எஞ்சின் பழுதுபார்ப்பவர்; விமான எரிபொருளின் வாசனை அவர் பெட்டியிலேயே ஊறியிருக்கும். விடுப்பில் வரும்போதெல்லாம் எனக்கென்று ஒன்றிரண்டு "பேட்ச்" கொண்டுவருவார். அவற்றைக் கோடுபோட்ட நோட்டில் ஒட்டி, அந்தப் பிரிவு எப்போது தொடங்கப்பட்டது, எந்த விமானத்தை ஓட்டியது, எந்த எல்லையில் நின்றது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிவைப்பேன். எப்போதாவது ஒரு ஜெட் விமானம் ஊரின் மேல் பறக்கையில் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் ஒரே வீச்சில் எழும். நான் தெருவில் நின்று, அது எந்தப் பிரிவாக இருக்கும் என்று மூச்சடக்கிப் பார்த்திருப்பேன்.

என் தம்பி முருகேசனுக்கு இந்த வரலாறுகள் பொருட்டில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவன். அப்பாவின் தறியில் வலப்புறம் அமர்ந்து சேலைக் கரைக்கான நூல் ஓடும் நாடாக்கட்டையைத் தள்ளுபவன். எந்தச் சின்னத்தைக் கொடுத்தாலும், அப்பா சேலையைப் பார்ப்பதுபோல, முதலில் திருப்பிப் பார்ப்பான். "பின்னால என்னடா இருக்குது, முண்டம்" என்று பிடுங்கிக்கொள்வேன்.

என் நோட்டில் பதினொன்று சேர்ந்திருந்த ஆண்டு, மாமா தம் சொந்தப் பிரிவின் சின்னத்தைக் கொண்டுவந்தார். கழுகின் ஓர் இறகு கருகியிருந்தது. பன்னிரண்டாவது கட்டத்தை வரைந்து, அதன் கீழ் முழுப் பக்கம் வரலாறு எழுதி முடித்தேன். பசைக் கிண்ணத்தை எடுத்துத் திரும்பியபோது சின்னம் முருகேசன் கையில் இருந்தது.

"மாமா, இத ரெண்டு சட்டையில தெச்சிருக்காங்க" என்றான். "ஓரத்துல ரெண்டு வரிச ஓட்ட இருக்குது. ரெண்டாவது தையல பொறுமையா பிரிச்சிருக்காங்க. மொத தையல பிரிக்கல, அறுத்துருக்காங்க. நூலு கட்டகட்டயா நிக்குது பாருங்க. ஏன் மாமா, அவ்ளோ அவசரம்?"

மாமா அதைக் கையில் வாங்கி, கருகிய இறகைத் தடவினார். பிறகு மெல்லச் சொன்னார்: "எரியிற பிளேன்லருந்து குதிச்சாருப்பா எங்க ஆபீசர். ஆஸ்பத்திரியில சட்டைய கத்திரிக்கோலால வெட்டி, இதயும் அறுத்துத்தான் எடுத்தாங்க. பொழச்சு வந்து, இதயே புதுச் சட்டையில தெச்சுக்கினு மறுபடி பறந்தாரு. பழைய பிளேனெல்லாம் ஓஞ்சு பிரிவ நிறுத்தினப்போ கழட்டி எங்கிட்ட குடுத்தாரு. பிரிவோட நம்பர மட்டும் வேற யாருக்கும் தராம எடுத்து வெச்சிருக்காங்க. புது பிளேன் வந்தா திருப்பித் தருவாங்களாம்."

நான் எழுதிய பக்கத்தில் இது எதுவும் இல்லை. பதினோரு வயதுப் பையன் ஒரு மனிதனின் சாவுக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட கணத்தை நூல் முனையில் படித்துவிட்டான் என்று பிரமித்தேன். அடுத்த கணமே மாமா அதை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

மூன்று நாள் அவனோடு நான் பேசவில்லை. நான்காம் நாள், என்னிடமிருந்த பதினொன்றையும் தருவதாகச் சொல்லிக் கேட்டேன். "உன்னாண்டதான் நோட்டே இருக்குதே, அண்ணா" என்று சிரித்தான், தரவில்லை. நான் படித்தேன், பட்டங்கள் பெற்றேன், வேறு ஊர்களில் வாழ்ந்தேன். அவன் தறியிலேயே இருந்தான். மறுபடி நான் அதைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

சென்ற மாதம் அவனுக்குக் காரியம் முடிந்த மறுநாள், அவன் மனைவி வள்ளி ஒரு சரிகை அட்டைப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். "உங்க நோட்டுல ஒரு எடம் காலியா இருக்குதாம், மாமா. குடுத்துடணும், குடுத்துடணும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

மண்ணெண்ணெய் வாசனை போய்விட்டிருந்தது. வாழ்வில் முதன்முறையாக அதைத் திருப்பிப் பார்த்தேன். அறுபட்ட நூல் முனைகள் இருந்தன. பிரித்த தையலின் ஓட்டைகள் இருந்தன. அவற்றுக்கும் உள்ளே, மிக நெருக்கமாக, மூன்றாவதாக ஒரு வரிசை. அதில் பிரிக்கும்போது தப்பிய அரக்குநிறப் பட்டிழை ஒன்று. எந்த விமானியின் சட்டையிலும் சின்னத்தைப் பட்டு நூலால் தைப்பதில்லை.

"எந்தச் சட்டையில தெச்சான், வள்ளி?"

"தெரியலயே மாமா. நான் கட்டிக்கினு வந்த நாளா இது இந்தப் பெட்டியிலதான் இருக்குது."

கேட்கத் தணிகாசலம் மாமாவும் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பிரிவின் எண் திரும்ப வழங்கப்பட்டதா என்பதும் எனக்குத் தெரியாது. நோட்டை எடுத்து, பன்னிரண்டாவது கட்டத்தின் மேல் சின்னத்தை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. ஆனால் ஒட்டினால் பின்புறம் மறைந்துவிடும். கட்டம் இன்றும் காலியாகவே இருக்கிறது.