பீரோவைவிட்டு வந்த பென்டிரைவ்கள்

சேலம் பக்கத்து நெசவூர் இளம்பிள்ளையில் ஒரு புது மயில் தறியேறினால், மறுவாரமே அது அடுத்த தெருவிலும் தோகை விரித்துவிடும். அதனால் தறிக்காரர்கள் சேலை டிசைன் உள்ள பென்டிரைவை நகையோடு பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். மச்சான் கேட்டாலும் காட்டமாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் எல்லோரும் நம்பிய ஒரே ஆள், டிசைன் போட்டுத் தரும் உஷாராணி. ஒருத்தர் டிசைனைப் பற்றி இன்னொருத்தரிடம் மூச்சுவிட மாட்டாள். அவள் கம்ப்யூட்டர்தான் கிழடு. அதிலிருந்த பழைய விண்டோஸில் புது டிசைன் சாப்ட்வேர் உட்காரவே மாட்டேன் என்றது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மெக்கானிக் கௌசிக்கை வரவழைத்தாள்.

"பைல் பூராம் என் ஹார்டுடிஸ்க்ல ஒரு காப்பி போட்டுக்கலாங்கக்கா" என்றான் அவன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரார் டிசைன் வெளியாள் கையிலா?

"வேண்டாங்க தம்பி, நானே எடுத்துக்கறேன்." திரையில் வரிசையாக இருந்த தறிக்காரர்களின் பெயர்களை எல்லாம் தன் பென்டிரைவுக்கு மாற்றினாள். பழையது சுத்தமாக அழிந்துவிடும் என்று கௌசிக் எச்சரித்தான். "எல்லாம் எடுத்தாச்சு, நீங்க ஏத்துங்க" என்றாள்.

புது விண்டோஸ் பளபளவென்று வந்தது. பென்டிரைவில் இருந்த ஒன்றும் திறக்கவில்லை. அவள் எடுத்தது டிசைன்களை அல்ல, அவை இருக்கும் இடத்தைக் காட்டும் ஷார்ட்கட் குறிகளை மட்டும். வீட்டை விட்டுவிட்டு விலாசத்தை எடுத்து வந்த கதை. கௌசிக் தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

இனி ஒரு பார்டரை மாற்ற வேண்டும் என்றாலும் முதலிலிருந்து வரைய வேண்டும். அதுவரை யார் காத்திருப்பார்கள்? சேலத்தில் டிசைனர்களுக்கா பஞ்சம்? இருந்தும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. முதலில் பாலசுந்தரத்துக்குப் போன் போட்டாள். பழைய வாடிக்கை, மூக்குமேல் கோபம்.

"அண்ணா, உங்க டிசைன் எல்லாம் எங்கிட்ட அழிஞ்சுபோச்சுங்க. தப்பு என்னுதுதானுங்க."

அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர் போனை வைத்துவிட்டார். மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்தாள்.

கண்ணைத் துடைப்பதற்குள் வாசலில் வண்டி நின்றது. பாலசுந்தரம் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். "தறிக்கு நீ குடுத்தது பூராம் இதுலதான் கெடக்குது அம்மிணி. திருப்பி எடுத்துக்க முடியுமா?"

முடியும் என்று கௌசிக் தலையாட்டினான்.

அடுத்து வந்தவர் வெங்கடாசலம், பாலசுந்தரத்தின் மச்சான், தொழிலில் பரம எதிரி. அவரும் ஒரு பென்டிரைவை நீட்டினார். பாலசுந்தரம் திரை கண்ணில் படாதபடி தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் மேசையில் கைவைக்க இடமில்லை. அந்த ஊர்ப் பீரோக்கள் இப்படித் திறந்து யாரும் பார்த்ததில்லை. தனக்காகவா இத்தனை பேர் என்று உஷாராணி பாலசுந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.

"இந்த நன்றிய நான் எப்படித் தீப்பேனுங்கண்ணா? எம்மேல கோவமே இல்லீங்களா?"

"இருந்துச்சு" என்றார் பாலசுந்தரம் சுவரைப் பார்த்தபடியே. "எங்க டிசைன வெளியாள்கிட்டக் குடுக்க மாட்டேன்னுதான நீ இந்தக் கதிக்கு ஆளான? உன்னைய உட்டுப்போட்டு வேற யாருகிட்டப் போயி நான் நிம்மதியாத் தூங்கறது?"