சிஞ்ஞோராவின் அடுப்பில் எரிந்த அந்தோனியார்

பலெர்மோவில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதாகப் பலெர்மோக்காரர் மனதார நம்புகிறார்கள். பன்னிரண்டு பாகைக்கு இறங்கினால் போதும், கழுத்தில் சால்வையும் முகத்தில் சாக்களையும் வந்துவிடும். அந்த நம்பிக்கைதான் பவுலுக்குச் சோறு போட்டது. மன்னாரில் பேசாலைக் கடற்கரையில் வெயிலில் காய்ந்து வளர்ந்த மனிதர், இங்கே வெள்ளைக்காரருக்குத் தீ மூட்டிக் கொடுத்துச் சீவித்தார்.

கோடையில் மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் மீன் பொரிப்பார். அங்கே நல்ல வார்த்தை கிடைக்கும், கடதாசி கிடைக்காது. கடதாசி கிடைத்தது அதே மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று எல்லாரும் அழைக்கும் வீட்டுக்காரம்மாவின் பெரிய வீட்டில். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் வேலை ஒப்பந்தமாகிய கொந்திராத்து வேண்டும்; அதில் ஒவ்வொரு டிசெம்பரும் கையெழுத்திடுவது சிஞ்ஞோரா. முன்பு படுக்கையில் கிடந்த அவருடைய கணவரைப் பார்ப்பது பவுலின் வேலை. கணவர் கண்ணை மூடினார், கொந்திராத்துக்குக் காரணமும் போனது. நல்லகாலம், அடுத்த மாதமே மூட்டிப் பார்க்க ஆள் தேவைப்படும் ஓர் அடுப்பு வந்தது.

சிஞ்ஞோராவின் மகன் ஓர் எஞ்சினியர். மிலானோவில் இருந்துகொண்டு பலெர்மோவைத் திருத்துவது அவருடைய பொழுதுபோக்கு. கனடாவில் எங்கோ கண்ட இரும்பு விறகடுப்பு ஒன்றைக் கப்பலில் இறக்குவித்தார். அதன் வயிற்றுக்குள் கொம்பஸ்ரர் என்று ஒரு சாமான் இருந்தது. பார்வைக்குத் தேன்கூடு மாதிரி, நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த பீங்கான் கட்டி. சூடேறிவிட்டால், புகைபோக்கியால் வீணே போக வேண்டிய புகையை அது திரும்பவும் எரித்துவிடும். விறகு மிச்சம், வீடு சூடு, கூரைக்கு மேல் புகையே தெரியாது.

கூட வந்த கையேடு நாற்பத்திரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். எஞ்சினியர்மார் கையேடு வாசிப்பதில்லை. அது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. பவுல் தன்னுடைய பள்ளிக்கூட ஆங்கிலத்தையும் ரெலிபோன் அகராதியையும் வைத்துக்கொண்டு இரண்டு கிழமையில் வாசித்து முடித்தார். மூட்டும்போது, புகையைத் தேன்கூட்டுக்குத் திருப்பிவிடும் புகைத்தட்டைத் திறந்து வை. வெப்பமானியின் முள் குறிக்கு ஏறிய பிறகே மூடு. தேன்கூட்டை ஆறவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டு, கம்பித் தூரிகையைக் கிட்டவும் கொண்டு போகாதே. இதையெல்லாம் அவர் பத்துக் கட்டளைக்கு அடுத்ததாக மனப்பாடம் செய்தார். காய்ந்த ஒலிவ் விறகைத் தவிர வேறெதையும் உள்ளே விடவில்லை.

"பத்து வருசம் ஓடும், சிஞ்ஞோரா," என்று சொல்லியும் வைத்தார். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மூன்றாம் குளிர்காலத்திலேயே அடுப்பு படுத்துவிட்டது. தட்டை மூடினால் முள் ஏறாமல் சோர்ந்து விழுந்தது. கண்ணாடி கறுத்தது. கூரைக்கு மேல் கரும்புகை எழுந்து பக்கத்து வீட்டுக்காரியின் வெள்ளை விரிப்புகளில் படிந்தது. அவள் மதிலுக்கு மேலால் சிசிலிய பாஷையின் முழு வளத்தையும் பவுலுக்குக் கற்பித்தாள். பவுல் தட்டினார், ஊதினார், கையேடு சொன்னபடி வினாகிரி கலந்த தண்ணீரில் தேன்கூட்டை அவித்தும் பார்த்தார். அசையவில்லை.

டிசெம்பர் எட்டாம் தேதி மாதாவின் திருநாளுக்கு எஞ்சினியர் வந்திறங்கினார். அடுப்பை ஒருமுறை உதைத்துப் பரிசோதித்தார்.

"இயந்திரமே சரியில்லை. தூக்கி எறிந்துவிட்டு, மரத்தூள் குளிகை எரிக்கும் பெலெட் அடுப்பு போடுவோம். ரெலிபோனில் ஒரு பொத்தானை அமத்தினால் தானே எரியும். ஆள் தேவையில்லை."

அந்த ஆள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெர்மெசோ மார்ச்சில் முடிகிறது.

"ஒருக்கால் நல்லா வெளிச்சத்தில வைச்சுப் பாக்கட்டோ?" என்று பவுல் கேட்டார்.

குசினி மேசையில் பத்திரிகையை விரித்துத் தேன்கூட்டை வைத்தார். எஞ்சினியர் ஒரு பக்கம், சிஞ்ஞோரா மறு பக்கம். பவுல் சின்ன லைற்றை அடித்துப் பார்த்தார். ஒரு மூலையில் ஓட்டைகளை ஏதோ நீலமாக உருகி அடைத்திருந்தது. அடுப்பின் சாம்பலையும் கொண்டுவந்து கிளறினார். பாதி உருகிய ஒரு பதக்கம் வந்தது. கையில் குழந்தையோடு புனித அந்தோனியார்.

பவுல் அதைப் பத்திரிகை மேல் வைத்தார். சனிக்கிழமைகளில் அவர் விறகு எடுக்கப் போகும்போது அந்த வீட்டைக் கூட்டித் துடைக்க வருவது அவருடைய மனைவி புனிதமலர். கோயில் பங்கில் யாருடைய வீட்டிலாவது செபமாலை அறுந்தால், கழுத்தில் போடும் உத்தரியம் நைந்தால், திருப்படம் மங்கினால் அவளிடம்தான் வந்து சேரும். குருவானவர் மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது. எரிக்க வேண்டும், அல்லது புதைக்க வேண்டும். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அவர்களுடைய மூன்றாம் மாடி வீட்டில் புதைக்க மண் ஏது? அவள் அதையெல்லாம் கோயிலில் கொடுக்கிறாள் என்று பவுல் நினைத்திருந்தார். பிளாஸ்ரிக், பொன் மை, வழவழப்பான வர்ணத் தாள். கையேட்டின் பதினேழாம் பக்கம் இவற்றைக் கொம்பஸ்ரருக்கு நஞ்சு என்றே சொல்கிறது.

இயந்திரம் பழுது என்றால் அடுப்புப் போகும், கூடவே பவுலும் போவார். பிழை இயந்திரத்தில் இல்லை என்றால் பவுல் தப்புவார்.

"இயந்திரம் நல்லது," என்றார் பவுல். "என்ர மனுசிதான் போட்டிருக்க வேணும்."

எஞ்சினியரின் முகம் மலர்ந்தது. அவர் தெரிந்தெடுத்த அடுப்பு நல்லதாம்! புது கொம்பஸ்ரரும் அதைச் சுற்றும் புதுப் பட்டியும் உடனே வரவழைப்பதாகச் சொன்னார். கொந்திராத்து நாளைக்கே. அந்தப் பெண் மட்டும் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது. சிஞ்ஞோரா பதக்கத்தை எடுத்து முத்தமிட்டார். "பாவம் அவள்," என்றார். பிறகு சன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார், மாதக்கணக்கில் காணாத கடலைப் போல.

பின்னேரம் பவுல் வீட்டுக்குப் போனபோது புனிதமலர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையை நிறுத்தவில்லை.

"எங்கட பங்குக் கிளறாக்காட செபமாலையும் வேற ரெண்டு உத்தரியமும் நான் போட்டது, ஓம்," என்றாள். "மிச்சமெல்லாம் சிஞ்ஞோராட தாயின்ர சாமான். ஒரு பெட்டி. குப்பையில போடப் பயமாக் கிடக்கு, நீ எரிச்சுவிடு எண்டு தன்ர கையாலதான் தந்தவ. அந்த அந்தோனியாரும் அவவின்ரதான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பவுல் கதிரையை விட்டு எழும்பினார்.

"இப்பவே போய்ச் சொல்லுறன்."

"சொல்லி? அவ மகனுக்கு முன்னால தன்னைக் காட்டிக் குடுப்பாவோ, உங்கட வேலையை நிப்பாட்டுவாவோ? இருங்கோ."

அவர் இருந்தார். அவள் கீரைத் தண்டுகளை ஒருபுறம் ஒதுக்கினாள்.

"நாப்பத்திரண்டு பக்கம் வாசிச்சனீங்கள். என்னட்டை ஒரு சொல் கேட்டிட்டு என்ர பேரைச் சொல்லியிருக்கலாம்."

மறுநாள் பவுல் மொண்டெல்லோவுக்குப் போய்க் கொந்திராத்தில் கையெழுத்து வைத்தார். சிஞ்ஞோரா கோப்பி போட்டுக் கொடுத்தார். பத்து நாளில் புதுத் தேன்கூடு வந்தது. பட்டியைச் சுற்றி, பதமாக இறுக்கி, புகைத்தட்டை மூடினார். முள் ஏறியது, தேன்கூடு செக்கச் சிவந்தது, சிஞ்ஞோரா கைதட்டினார். சனிக்கிழமைகளில் அந்த வீட்டைக் கூட்டித் துடைப்பதும் இப்போது பவுல்தான்.