பாட்டுக்குள் அத்தானின் குரல்

இறந்துபோன என் அத்தான் திருப்பத்தூர் பேருந்தில் பேசினார். பின் இருக்கையில் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் ஃபோனை நடுவில் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயிற்றில் வந்து இடிக்கிற தாளம், அதன் மேல் மூச்சுவிடாமல் சொற்களைக் கொட்டும் ஓர் இளங்குரல், இரண்டுக்கும் இடுக்கில் வேறொரு குரல்: "போயிட்டு... போயிட்டு... போயிட்டு..." 'ட்டு'வை அழுத்தி, மீதி மூச்சை மூக்கால் விடும் குரல். சுருதியை ஏற்றிச் சிறுபிள்ளைக் குரலாக்கியிருந்தார்கள். ஆனாலும், அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டால் ஆளைத் தெரியாமலா போய்விடும்? பாட்டு முடியுமுன்பே, என் ஊர் வருமுன்பே, இறங்கிவிட்டேன்.

அவர் என் அக்காவின் கணவர். ஆத்தங்குடியில் செய்கிற பூப்போட்ட தரைக்கற்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற லோடு வண்டிக்காரர். வாய் சும்மா இருக்காது. யார் எதைப் பேசினாலும் அதில் ஒரு துண்டைக் கவ்விக்கொள்வார். அரியக்குடிக் கோயிலில் கேட்ட பாசுரத்தின் வால், ஏலக்காரர் இழுக்கும் இழுப்பு, நடத்துநரின் அதட்டல் எல்லாம் மறுநாள் அவர் பேச்சில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். என் கவிதை வரி ஒன்றையும் கேட்காமல் எடுத்து வண்டியின் பின்பக்கம் எழுதிவிட்டார். 'மழை முடிந்த பிறகும் நனைகிறவன்' என்பது என் வரி. வண்டியில் 'மழை முடிந்த பிறகும்' வரைக்கும்தான் இருந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். "மீதிக்கு எடமில்ல மாப்ள," என்றார். "ஆனா இந்தப் பாதியை நாலு ஜில்லாவே படிக்குது. ஒங்க புத்தகத்தை அச்சடிச்சவரைத் தவிர யாரு படிச்சாக?"

எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்லிவிட முடியாது. 'போயிட்டு வாரேன்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். அக்கா இதில் ரொம்பக் கறார். வாய் தவறியவரைத் திரும்ப உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சொல்லைத் திருத்தச் சொல்லித்தான் அனுப்புவாள். சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூடத் தப்பியதில்லை. அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி நாட்களில் அவள் வீடு திரும்புமுன்பே அத்தான் வண்டியை எடுத்தாக வேண்டும். பூட்டிய கதவின் முன் நின்று அவள் ஃபோனுக்குக் குரலைப் பதிந்து அனுப்பிவிடுவார்: "புள்ள, போயிட்டு வாரேன்." வேறு சேதி எதுவும் இருக்காது. அப்படிக் கிளம்பிய ஒரு காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சாலையோரம் நிறுத்தினார். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. அவர் இல்லை. அதற்குப் பிறகு அக்கா அந்த ஃபோனை அணைத்துப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதிது வாங்கிக்கொண்டாள். நாங்களும் நம்பினோம்.

அந்த ஃபோனில் இருந்த குரல் பாட்டுக்குள் எப்படிப் போனது? சந்தேகப்பட அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பாட்டுக் கட்டியவன் அக்காவின் மகன், எனக்கு மருமகன். மாடி அறையில் கணினியும் இரண்டு ஒலிபெருக்கிகளும் வைத்துக்கொண்டு ஹிப்ஹாப் செய்கிறவன். அதற்குச் சாம்ப்ளிங் என்று பெயர் என ஒருமுறை சொல்லியிருந்தான். யாரோ எப்போதோ பதிந்த சத்தத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, சுருதியை மாற்றி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் புதுப்பாட்டு எழுப்புவது. வாத்தியம் வாங்க வழியில்லாதவர்கள் பழைய இசைத்தட்டுகளிலிருந்து தாளத்தைப் பிய்த்தெடுத்துத் தொடங்கிய கலையாம். எங்கள் வீட்டில் சாம்பிள் என்றால் மருந்துக் கம்பெனிக்காரர் அக்காவிடம் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும் மாத்திரை. இலவசமாக வருகிற எதையும் நான் நம்புவதில்லை. இன்னொருவர் மூச்சைத் தன் தாளத்துக்குத் துடிக்கவைப்பது கலையா, பிடித்து ஆட்டிவைப்பதா? மண்ணுக்குப் போனவர் மறுக்க முடியாது என்பதுதானே இதற்குள்ள வசதி? வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். 'போயிட்டு' வந்ததும் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுவேன். பயல் 'வாரே'னை வெட்டிவிட்டான். உலகத்தில் வேறு எந்தச் சொல்லையும் வெட்டியிருக்கலாம். பேருந்திலோ டீக்கடையிலோ இது அக்காவின் காதில் விழுந்தால் அவள் என்ன ஆவாள்? அதை நினைத்துத்தான் ஒரு ஞாயிறு மத்தியானம் மாடி ஏறினேன்.

"யாரைக் கேட்டுடா எடுத்த?"

"யாரைக் கேக்கணும் மாமா? அப்பாவையா?"

"அம்மாவை."

"கேட்டா வேணாம்பாக."

"அது தெரிஞ்சும் எடுத்தியா? சரி, வாரேனை எதுக்குடா வெட்டுன? எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாதுன்னு தெரியாமலா வளந்த?"

அவன் என்னையே பார்த்தான். "நான் வெட்டல மாமா," என்று சொல்லிவிட்டு, தாளம் எதுவும் சேர்க்காத பதிவைப் போட்டான். பூட்டுச் சாவியின் சத்தம். "புள்ள, போயிட்டு" என்று அத்தான். ஒரு சின்ன 'டக்'. அப்புறம் ஒன்றுமில்லை. அழுத்திப் பிடித்த விரல் முந்திக்கொண்டு பொத்தானை விட்டிருக்கிறது. அதுதான் கடைசிக் காலையில் வந்தது.

"பாட்டை முழுசாக் கேட்டீகளா?"

அவன் கடைசிப் பகுதியை ஓடவிட்டான். தாளங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 'போயிட்டு' மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, சுருதி இறங்கி, அத்தானின் சொந்தக் குரலுக்குத் திரும்பி, அதன் பின்னால் மெதுவாக ஒரு "வாரேன்." வேறொரு நாள் செய்தியிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தான். என் காது சந்தேகக் காது, ஒட்டிய இடத்தை உடனே பிடித்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது.

திரும்பினால் அக்கா. கதவை ஒட்டி நிற்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"கடைசியை இன்னொருக்கப் போடு," என்றாள்.

போட்டான். கண்ணை மூடாமல், நோயாளியின் நாடியைப் பிடித்திருக்கிற முகத்தோடு கேட்டாள். "இது அன்னைக்குச் சொன்னதில்ல. அடைமழை பெஞ்சப்பச் சொன்னது."

"ஒட்டவச்சிருக்கான்க்கா," என்றேன். எனக்கு ஏனோ அதைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

"தெரியுதுடா." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு வார்டுல வச்சுத்தான் கேட்டேன். பாதியில நின்னுபோச்சு. சரி, மறுபடி அனுப்புவாகன்னு போனையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் போன்தான் வந்துச்சு, வேற யாரோ பேசுனாக." பீரோவில் அவள் அத்தனை நாளும் அடைத்து வைத்திருந்தது பேட்டரி போன ஃபோன் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல் முடியாததால்தான் ஆள் திரும்பவில்லை என்று ஒருத்தி தனியாக நம்பிக்கொண்டே ஊருக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மகன் குனிந்தபடி கேட்டான்: "பாட்டை எடுத்துரவாம்மா?"

அவள் எழுந்து கீழே போனாள். பழைய ஃபோனோடு வந்தாள். "சேலை மடிப்பு மாறியிருந்தப்பவே தெரியும் நீ எடுத்தேன்னு. சார்ஜு வேற போட்டு வச்சிருக்க, களவாணி." அவன் கையில் அதைத் திணித்தாள். "பாட்டு இருக்கட்டும். இதுல உள்ள அரைச்சொல்லை அழிச்சிரு."

"அம்மா, அது அசலும்மா. அதைப் போயி..."

நானும் அவனோடு சேர்ந்துகொண்டேன். அதுவரை நாங்கள் எதிலும் ஒரே கட்சியில் நின்றதில்லை. "அக்கா, அத்தான் நிசமாச் சொன்னது இதுதானே? அது ஒட்டுப்போட்டதுல்ல?"

"எனக்கு அசலு வேணாம்டா. ரெண்டுமே அவுக சொன்னது. ரெண்டுமே எனக்குச் சொன்னது. முழுசா இருக்குறதை நான் வச்சுக்கிறேன்."

அவன் கை அசையவில்லை. அவளே ஃபோனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினாள். ஃபோன் ஏதோ கேட்டது. ஆமாம் என்று இன்னொரு முறை அழுத்தினாள்.

"கம்ப்யூட்டர்ல இருக்கா?" என்று மகனைக் கேட்டாள். அவன் இரண்டு மூன்று பொத்தான்களைத் தட்டி, "இல்லம்மா," என்றான்.

இன்று அந்தப் பாட்டு எங்கள் வட்டாரத்தில் கல்யாண வேன்களில்கூடக் கேட்கிறது. கடைசி வரை கேட்கிறேன். மழையில்லாத காலையும் மழைபெய்த காலையும் சேருகிற இடத்தில் இன்னும் எனக்கு நெருடுகிறது. அந்தக் கலையை நான் முழுதாக நம்பிவிடவில்லை. அதைவிட, அந்த 'இல்லம்மா'வை நான் கொஞ்சமும் நம்பவில்லை. அதைச் சொன்ன வேகமும், சொல்லும்போது திரையை என் பக்கத்திலிருந்து திருப்பியதும் கண்ணிலேயே நிற்கின்றன. வெட்டி ஒட்டுகிறவன் அசலை எங்காவது தொலைப்பானா? அக்காவிடம் இதைப் பற்றி நான் பேசியதில்லை. அவனிடமும் கேட்கப்போவதில்லை. வாழ்நாளில் எத்தனையோ சந்தேகப்பட்டு எத்தனையோ பேரிடம் தோற்றிருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் சரியாக இருந்துவிடட்டும்.